பழைய அம்பாசடரின் துருவை வீட்டு வாசலிலேயே அறுத்தெடுப்பது: முழுமையான வழிகாட்டி

டிரைவர் பக்கக் கதவின் கீழ் ஓரத்தில் பெயிண்ட் ஒரு பொட்டுக்கடலை அளவுக்கு உப்பியிருந்தது. ஸ்க்ரூடிரைவர் முனையால் லேசாகக் குத்திப் பார்த்தேன். சடக்கென்று உள்ளே போய்விட்டது. இழுத்தபோது கூடவே வந்தது பட்டி, அதாவது பள்ளம் நிரப்பப் பூசும் மாவு. அதற்குப் பின்னால் சுருட்டித் திணித்த செய்தித்தாள். அதற்கும் பின்னால் ஒரு கைப்பிடி துரு. சில வருடங்களுக்கு முன்னால் அந்தக் கதவைப் புதுசு மாதிரி ஆக்கித் தருகிறேன் என்று காசு வாங்கிய ஒரு பட்டறையின் வேலை அது. அவர்களை மட்டும் திட்டி என்ன பயன்? நானும்தான் வெளிப்பக்கப் பளபளப்பைப் பார்த்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு வந்தேன். குனிந்து உள்பக்கம் பார்க்கவே இல்லை.

வண்டி 1991-ம் வருடத்து அம்பாசடர். என் மாமா வாங்கியது, வேலூருக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பேர் இருந்த காலத்தில். இப்போது காட்பாடியில் என் வீட்டு வாசலில், தகரக் கொட்டகைக்குக் கீழே நிற்கிறது. இரண்டு கோடைக்காலம் அதோடு மல்லுக்கட்டிக் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன். உங்களிடம் இருப்பது பியட்டாக இருந்தாலும், மாருதி 800 ஆக இருந்தாலும் முறை பெரும்பாலும் இதுதான்.

தண்ணீர் எந்த வழியாக வருகிறது?

தகட்டை அறுக்கும், தேய்க்கும் கை கிரைண்டரை எடுக்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது. நான் இதைக் கடைசியாகத்தான் கற்றேன், அதனால் ஒரே தரையை இரண்டு முறை வெட்டினேன்.

துரு பிடிக்க இரும்பும் தண்ணீரும் காற்றும் சேர்ந்தால் போதும். வெளிப்பக்கத்தை நாம் துடைக்கிறோம், வெயில் காய்ச்சிவிடுகிறது. உள்பக்கம் அப்படியில்லை. கதவின் அடிவயிறு, கதவுகளுக்குக் கீழே பெட்டி போல ஓடும் சில், மட்கார்டின் உள்மடிப்பு, டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் இடம், மிதியடிக்குக் கீழுள்ள தரை, இங்கெல்லாம் மண்ணும் ஈரமும் சேர்ந்துவிட்டால் வாரக்கணக்கில் காயாது. இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் பல மடங்கு பெருகும். இரண்டு தகடு சேரும் மடிப்புகள் உப்பிப் பிளப்பது அதனால்தான். நாம் வெளியே பார்க்கும் கொப்புளம், உள்ளே எப்போதோ தொடங்கிய சங்கதியின் கடைசிக் கட்டம்.

சென்னையில் கடற்கரைப் பக்கம் நின்ற வண்டிக்கும் நம்மூர் வண்டிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே உப்புக்காற்று கூரை, கண்ணாடி ஓரம் என்று எல்லாப் பக்கமும் தின்னும். வேலூரில் துரு பெரும்பாலும் கீழிருந்து மேலே ஏறும். மேலே சுத்தமாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். புளியமரத்தடியில் நின்ற வண்டி என்றால் பானெட்டுக்குப் பின்னால், முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள பள்ளத்தைக் கிளறிப் பாருங்கள். பொடி இலை அடைந்து, ஊறிய சாக்கு மாதிரி ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும்.

நம் பக்கத்தில் பழைய வண்டி வாங்கும்போது இரண்டு விஷயங்களைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். ஒன்று, தோல் ஏற்றிய வண்டியா என்பது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் பச்சைத் தோலை உப்பு போட்டுத்தான் வைப்பார்கள். அந்த உப்புத் தண்ணீர் வடிந்த தரைத் தகடு உள்ளுக்குள் அப்பளமாகியிருக்கும். இன்னொன்று, 2021 நவம்பர் வெள்ளம். அப்போது பாலாறும் குடியாத்தம் பக்கம் கௌண்டன்யா ஆறும் பெருக்கெடுத்தன. தண்ணீரில் நின்ற வண்டிகளைக் கழுவித் துடைத்து ஓட்டியவர்கள் உண்டு. ஆனால் சில்லுக்குள் போன வண்டலைக் கழுவியவர்கள் எத்தனை பேர்? சீட்டைக் கழற்றி, தரை விரிப்பைத் தூக்கி, மூலையில் விரல் விட்டுப் பாருங்கள். மெல்லிய வண்டல் மண் ஒட்டினால் விலையைப் பேசுவதற்கு முன் யோசியுங்கள்.

வீட்டில் செய்கிற சோதனை எளிது. ஒருவரை டார்ச்சோடு வண்டிக்குள் உட்கார வைத்துவிட்டு, வெளியிலிருந்து டியூபில் தண்ணீர் விடுங்கள். கீழே தொடங்கி மெல்ல மேலே ஏறுங்கள். மேலிருந்து தொடங்கினால் எங்கும் வழிந்து, எது வழி என்றே தெரியாது. என் வண்டியில் முன் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கின் கீழ் மூலை வெடித்திருந்தது. தண்ணீர் டேஷ்போர்டுக்குப் பின்னால் இறங்கி, விரிப்புக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. முதல் கோடையில் தரையை மட்டும் மாற்றினேன், பீடிங்கைத் தொடவில்லை. அடுத்த தை மாதம் அதே இடத்தில் மறுபடியும் பழுப்பு நிறம்.

எப்போது தொடங்கலாம்

பொங்கல் முடிந்ததும் தொடங்கினால் சரியாக இருக்கும். மார்கழிப் பனியில் சுரண்டி வைத்த தகடு ஒரே இரவில் பழுத்துவிடும். மாசி, பங்குனி இரண்டும் வெட்டுவதற்கும் வெல்டிங்குக்கும் பொற்காலம். கத்திரி வெயிலில் வேலை செய்யலாம், ஆனால் காலை 6 மணிக்குத் தொடங்கி 9 மணிக்குள் கருவிகளை எடுத்து வைத்துவிடுங்கள். வெயிலில் நின்ற தகட்டில் கை வைக்க முடியாது, பட்டி கலக்கும்போதே கெட்டியாகும். ஆடி, ஆவணியில் சாயங்கால இடிமழை சொல்லாமல் வந்துவிடும். அதற்குள் பிரைமராவது (பெயிண்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) ஏறியிருக்க வேண்டும்.

கணக்கெடுப்பு

ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, உடம்பு முழுக்கத் தடவுங்கள். நல்ல தகட்டில் கப்பென்று பிடிக்கும். பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் வழுக்கும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். அப்புறம் ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அரித்த தகடு சொத்தைத் தேங்காய் மாதிரி மொத்தையாக ஒலிக்கும். கடைசியாகக் கீழே படுத்து, சில், ஜாக்கி வைக்கும் இடம், சஸ்பென்ஷன் உடம்போடு சேரும் இடங்களைக் குத்திப் பாருங்கள். இதில் கருணை காட்டக் கூடாது. குத்தி ஓட்டை விழுகிற தகடு, ஏற்கனவே ஓட்டைதான்.

அம்பாசடருக்கு ஜீப் மாதிரித் தனிச் சேசிஸ் கிடையாது. உடம்பேதான் எலும்பு. அதனால் கதவுத் தோல், மட்கார்டு போன்ற வெளித்தகடுகளில் நீங்களே கைவைக்கலாம். சில், தரையின் குறுக்குச் சட்டம், ஸ்பிரிங் மாட்டும் இடம் ஆகியவை அரித்திருந்தால் வெட்டிப் பொருத்தும் வரை நீங்கள் செய்யுங்கள், வெல்டிங்கை மட்டும் கைதேர்ந்தவரிடம் விடுங்கள். மோதல் வந்தால் உங்களைக் காப்பது அந்தப் பெட்டிகள்தான்.

எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். எந்த போல்ட் எங்கே இருந்தது என்பது மூன்று மாதம் கழித்து ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கவில்லை.

இன்னொன்று, சேசிஸ் எண் அடித்திருக்கும் தகட்டைத் தேய்க்கவோ வெட்டவோ கூடாது. 15 வருடம் தாண்டிய சொந்த காருக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அப்போது அந்த எண்ணைப் பார்ப்பார்கள். நிறத்தை மாற்றும் ஆசை இருந்தால் பெயிண்ட் வாங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வண்டியை நிறுத்துவதும் தீயைத் தள்ளி வைப்பதும்

சமதளத்தில், தகுந்த ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி அதன் மேல் வண்டியை நிறுத்துவதை நம் ஊரில் நிறையப் பார்க்கிறேன். அந்தக் கல் முன்னறிவிப்பு இல்லாமல் வெடிக்கும். அடியில் நீங்கள் இருப்பீர்கள்.

பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள், ஆல்டர்னேட்டர் வயரையும் பிரித்துவிடுங்கள். பின்பக்கம் வெல்டிங் இருந்தால் பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தூரமாக வைக்க வேண்டும். பெட்ரோலை எடுத்துவிட்டேன், டேங்க் காலிதான் என்று சமாதானம் சொல்லாதீர்கள். நிரம்பிய டேங்கைவிடக் காலி டேங்கில் நிற்கும் ஆவிதான் ஆபத்து. சீட், விரிப்பு, கூரைத் துணி, ஒயரிங் எல்லாம் வெளியே. ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர், முடிந்தால் ஒரு தீயணைப்பான். வெல்டிங் நடக்கும்போது மறுபக்கம் பார்த்துக்கொள்ள ஒரு ஆள். முடித்த பிறகும் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். ஒருநாள் நான் டீ குடிக்கப் போய்விட்டுத் திரும்பியபோது, கதவுத் தூணுக்குள் மிச்சமிருந்த பழைய பஞ்சு புகைந்துகொண்டிருந்தது.

உரித்தல்

பெயிண்டை உரிக்க எல்லோரும் முதலில் எடுப்பது கிரைண்டரில் மாட்டும் கம்பி பிரஷ். அது பெயிண்டை எடுக்கும். ஆனால் துருவை எடுக்காமல் மெருகேற்றிவிடும். கறுப்பாகப் பளபளவென்று இருப்பதைப் பார்த்து இரும்பு என்று நினைத்துவிடுவோம். அது அழுத்தி மினுக்கிய துரு. பஞ்சு போன்ற ஸ்டிரிப் டிஸ்க் கிடைக்கிறது, அதை முதலில் போடுங்கள். பிறகு 80-ம் நம்பர் பிளாப் டிஸ்க் (உப்புத்தாள் இதழ்கள் அடுக்கிய வட்டு), அதையும் படுக்க வைத்து, ஒரே இடத்தில் நிற்காமல். தகடு மெலிந்தால் அப்புறம் வெல்டிங்கில் உருகும்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். கைக்குட்டை கட்டிக்கொள்வது போதாது, தூசுக்கான நல்ல மாஸ்க் போடுங்கள். குழந்தைகள் விளையாடும் வாசலில் தேய்க்காதீர்கள், தூசைப் பெருக்கும் முன் தண்ணீர் தெளியுங்கள். கண்ணாடி கட்டாயம். கட்டிங் வீல் உடைந்து பறந்ததை ஒருமுறை பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று நிலைகள், மூன்று வைத்தியம்

உரித்த பிறகு தகடு மூன்றில் ஒரு நிலையில் இருக்கும். மேலோட்டமான பழுப்பு என்றால் தேய்த்தாலே வெள்ளித் தகடு வரும், உடனே எபாக்சி பிரைமர் அடித்துவிடலாம். அம்மைத் தழும்பு மாதிரிக் குழி விழுந்திருந்தால் குழிக்குள் இருக்கும் துருவுக்கு மருந்து வேண்டும். ஓட்டையோ, விரலால் அழுத்தினால் அமுங்கும் தகடோ என்றால் மருந்து பேச்சே வேண்டாம், வெட்டத்தான் வேண்டும்.

குழித் துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி நல்லது. பிரஷ்ஷால் தடவி, டப்பாவில் சொன்ன நேரம் ஈரமாகவே வைத்திருந்து, சுரண்டி, மறுபடி தடவ வேண்டும். அமிலத்தைத் தகட்டில் மிச்சம் வைத்தபடி எபாக்சி அடித்தால் பிடிக்காது, டப்பாவில் சொன்னபடி கழுவி உடனே காய வையுங்கள். கழுவ போர் தண்ணீரை எடுக்காதீர்கள். நம் பக்கம் பல இடங்களில் அது உப்பு. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் கொஞ்சம் போதும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். துரு நிமிடத்தில் போய்விடும், அது உண்மைதான். ஆனால் மடிப்புக்குள் தங்கும் குளோரைடு அடுத்த வாரமே வேலையைக் காட்டும். அதன் ஆவி பட்டாலே பக்கத்தில் இருக்கும் ஸ்பானர் கூடப் பழுத்துவிடும்.

துருவைக் கறுப்பாக மாற்றும் கன்வர்ட்டர் என்று விற்கிறார்களே, அதில் பலவற்றில் இருப்பது டானிக் அமிலம். தோல் ஊர்க்காரர்களுக்கு இது புது விஷயம் இல்லை. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் இருக்கும் துவர்ப்பும் அந்த வகைதான். கடுக்காய்ச் சாற்றில் இரும்பு பட்டால் மையாகக் கறுக்கும், பழைய காலத்து மை செய்ததே அப்படித்தான். கன்வர்ட்டரும் அதே வேலையைத்தான் செய்கிறது. அதற்காகக் கடுக்காயை ஊறவைத்து வண்டியில் பூச வேண்டாம், கடையில் வாங்குவதில் மேலே படலம் கட்டும் பொருளும் சேர்ந்திருக்கிறது. கன்வர்ட்டரை நான் கை எட்டாத உள்மடிப்புகளுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். தேய்க்க முடிகிற இடத்தில் தேய்ப்பதற்கு ஈடு எதுவும் இல்லை.

கீல், பிராக்கெட் மாதிரி சின்னச் சாமான்களுக்கு மின்சார முறை அருமையானது. பிளாஸ்டிக் வாளியில் 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் சலவை சோடா. 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனை துருப்பிடித்த சாமானுக்கு, பாசிட்டிவ் முனை ஒரு பழைய இரும்புத் துண்டுக்கு. இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. ஒரு ராத்திரியில் துரு சேறாகக் கழன்றுவிடும். ஹைட்ரஜன் வாயு வரும், அதனால் திறந்த வெளியில் வையுங்கள், பீடி சிகரெட் பக்கத்தில் வேண்டாம். பாசிட்டிவ் முனைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடவே கூடாது, தண்ணீரில் நச்சுக் குரோமியம் கலந்துவிடும். குரோமியம் நிலத்தடி நீருக்குள் போனால் என்னாகும் என்று ராணிப்பேட்டைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வெட்டுதல்

ஓட்டையின் விளிம்பில் வெட்டாதீர்கள். நல்ல தகடு தொடங்கும் இடத்திலிருந்து இன்னும் ஒரு அங்குலம் தள்ளிக் கோடு போடுங்கள். கோடு நேராக இருக்கட்டும், மூலைகள் வளைவாக இருக்கட்டும். கூர்மூலையில் சூடு குவிந்து தகடு வளையும், பின்னால் விரிசலும் அங்கேயே தொடங்கும். 1 மி.மீ. கட்டிங் வீல் போதும். கதவில் வெட்டும்போது உள்தகட்டையும் சேர்த்து அறுத்துவிடாமல் வீலை மேலாக ஓட்டுங்கள்.

சில்லை வெட்டுவதாக இருந்தால் அதற்கு முன் கதவு வாசலுக்குக் குறுக்கே ஒரு சதுரக் குழாயை, மேலும் கீழும் தற்காலிகமாக டேக் (சின்ன வெல்டிங் புள்ளி) வைத்து முட்டுக் கொடுங்கள். கதவு இடைவெளியையும் மூலைவிட்ட அளவையும் எழுதி வையுங்கள். ஒரு பக்கம் முழுதாக முடித்த பிறகுதான் மறுபக்கம். முட்டு இல்லாமல் இரண்டு பக்கமும் வெட்டினால் வண்டி நடுவில் தொய்யும். அப்புறம் கதவு ஜென்மத்துக்கும் மூடாது.

ஒட்டுத் தகடு

நல்ல பகுதியின் தடிமனை வெர்னியரில் அளந்து அதே கனத்தில் வாங்குங்கள். வெளித்தகட்டுக்கு 20 கேஜ், அதாவது சுமார் 0.9 மி.மீ., தரைக்கும் சில்லுக்கும் 18 கேஜ், சுமார் 1.2 மி.மீ. என்பது பெரும்பாலும் ஒத்துவரும். சி.ஆர். ஷீட் (பூச்சில்லாத இரும்புத் தகடு) என்று கேளுங்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட் துருப்பிடிக்காதே என்று அதை எடுத்தால், வெல்டிங்கில் துத்தநாகம் எரிந்து வரும் வெள்ளைப் புகை குளிர்க்காய்ச்சல் மாதிரி ஆளைப் படுக்க வைக்கும். எரிந்த இடத்தில் பூச்சும் போய்விடும்.

அச்சு எடுக்கக் கல்யாணப் பத்திரிகை மாதிரி வேறு அட்டை இல்லை. வளையும், ஆனால் தொளதொளக்காது. ஓட்டையின் மேல் வைத்து உள்பக்கமிருந்து பென்சிலால் ஓரம் வரைந்து வெட்டி, பொருந்துகிறதா என்று பார்த்து, அப்புறம் தகட்டுக்கு மாற்றுங்கள். தை மாசத்துப் பத்திரிகைகளைத் தூக்கிப் போடாமல் சேர்த்து வைத்தால் ஒரு வண்டிக்குத் தாங்கும்.

வளைவு கொண்டுவர ஜி.ஐ. பைப் மேல் வைத்துக் கையாலேயே அழுத்தலாம். குழிவுக்கு மணல் மூட்டை, மரச் சுத்தி. பட்டறைகளில் பட்டடைக் கல்லாகத் தண்டவாளத் துண்டு வைத்திருப்பார்கள். ரயில்வே சொத்தைக் காரணமில்லாமல் வைத்திருப்பது 1966-ம் வருடச் சட்டப்படி குற்றம், ஆகவே காயலான் கடையில் ஐ பீம் துண்டாகக் கேட்டு வாங்குங்கள். அதுவும் அதே வேலை செய்யும். ஒட்டு வெட்டிய ஓட்டைக்குள் சுற்றிலும் 1 மி.மீ. இடைவெளியோடு உட்கார வேண்டும். இறுக்கமாக இருந்தால் சூட்டில் விரியும்போது புடைக்கும். இந்தப் பொருத்தத்துக்கு ஒரு முழு நாள் போனாலும் பரவாயில்லை. இங்கே மிச்சம் பிடித்த ஒரு மணி நேரத்துக்குப் பட்டி தேய்ப்பதில் ஒரு வாரம் கொடுக்க வேண்டியிருக்கும்.

வெல்டிங்

ஒட்டை மேலே வைத்து ஏற்றி அடிப்பதா, விளிம்போடு விளிம்பு சேர்ப்பதா? வெளித்தகட்டில் விளிம்போடு விளிம்புதான். ஏற்றி வைத்தால் இரண்டு தகட்டுக்கும் நடுவில் தண்ணீருக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. தரையில் மட்டும் ஏற்றி வைக்கலாம், இரண்டு பக்கமும் சீலர் (இடுக்கை அடைக்கும் பசை) பூசுவதாக இருந்தால்.

இந்தத் தகட்டுக்கு, கம்பியும் அதைக் காக்கும் கேஸும் சேர்ந்து வரும் மிக் வெல்டிங் சரி. பட்டறைகளில் சி.ஓ.டூ வெல்டிங் என்பார்கள். 0.8 மி.மீ. கம்பி, குறைந்த ஆம்பியர். சாதாரண ஆர்க் ராடு இந்த மெல்லிசுக்கு ஓட்டைதான் போடும். கேஸ் வெல்டிங் செய்யும் பெரியவர்களின் கைவேலையை நான் குறை சொல்லமாட்டேன், ஆனால் சூடு பரவி அகலமான தகடு அலையடிக்கும். பித்தளை வைத்து ஒட்டுவது உடம்பைத் தாங்கும் இடங்களுக்கு ஆகவே ஆகாது.

உங்களுக்கு வெல்டிங் வராது என்றால் வெட்டும் வேலை, பொருத்தும் வேலையெல்லாம் முடித்துவிட்டு, மெஷினோடு ஒருவரை ஒருநாள் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். ராணிப்பேட்டையில் பெல் (BHEL) நிறுவனத்தின் பாய்லர் துணைக்கருவி ஆலை இருப்பதால், அதைச் சுற்றி வளர்ந்த பட்டறைகளில் வெல்டர்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு சிக்கல் என்னவென்றால், கனத்த தகட்டில் அருமையாகக் கோடு இழுப்பவர், 0.9 மி.மீ. தகட்டைத் தொட்டதும் ஓட்டை போட்டுவிடலாம். வந்தவுடன், “அண்ணே, முதல்ல இந்தக் கழிவுத் துண்டுல ரெண்டு வெச்சுக் காட்டுங்க” என்று கேட்டுவிடுங்கள். நல்ல வேலைக்காரர் கோபித்துக்கொள்ளமாட்டார், அவரே அதைத்தான் முதலில் செய்வார்.

முதலில் நான்கு மூலையிலும் ஒவ்வொரு டேக். தகடு சமமாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், இல்லையென்றால் சுத்தியும், பின்னால் தாங்கிப் பிடிக்கும் டாலி இரும்பும் வைத்துத் தட்டிச் சரிசெய்யுங்கள். பிறகு ஓர் அங்குலத்துக்கு ஒன்று, எதிரெதிர்ப் பக்கமாக மாறி மாறி. ஒருபோதும் கோடாக இழுக்கக் கூடாது. வைத்த இடத்தில் கை வைக்கும்படி ஆறிய பிறகே பக்கத்தில் அடுத்த புள்ளி. அவசரப்பட்டு ஈரத்துணியைப் போட்டால் தகடு சுருங்கி இழுக்கும். பின்னால் ஒரு செம்புத் தகட்டை அழுத்திப் பிடித்தால் ஓட்டை விழாது, வெல்டிங் செம்பில் ஒட்டவும் ஒட்டாது. காற்று அடித்தால் கேஸ் கலைந்து வெல்டிங் பஞ்சுபோல் ஆகிவிடும், தார்ப்பாய் கட்டி மறையுங்கள். பிரேக் கிளீனர் ஸ்பிரே அடித்த இடத்தில் வெல்டிங் வைக்கவே கூடாது. அதில் குளோரின் சேர்ந்த வகை இருந்தால் சூட்டில் விஷவாயு உண்டாகும்.

புள்ளிகள் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்ததும் பிளாப் டிஸ்க்கால் மேடுகளை மட்டும் எடுங்கள். உள்ளே ஒரு விளக்கை வைத்துவிட்டு வெளியிலிருந்து பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தாலும் அது தண்ணீருக்கு வாசல்தான், அங்கே இன்னொரு புள்ளி.

பின்பக்கம்

பட்டறையில் வண்டி விட்டால் பெரும்பாலும் யாரும் தொடாத இடம் இது. வெல்டிங் சூட்டில் பின்பக்கத்துப் பெயிண்ட் எரிந்து, இரும்பு அம்மணமாக நிற்கும். கை எட்டினால் தேய்த்து எபாக்சி அடியுங்கள். எட்டாவிட்டால் வெல்டிங்குக்கு முன்பே விளிம்புகளில் துத்தநாகம் கலந்த, வெல்டிங்கைத் தாங்கும் பிரைமரைப் பூசுங்கள். சேரும் மடிப்புகளில் சீம் சீலர். கடைசியில், பெயிண்ட் எல்லாம் முடிந்த பிறகு, நீளமான டியூப் வைத்த கேனில் கேவிட்டி வேக்ஸை (துருவைத் தடுக்கும் மெழுகு) சில்லுக்குள்ளும் கதவுக்குள்ளும் பீய்ச்சுங்கள். வடியும் ஓட்டைகளில் அது சொட்டினால் உள்ளே முழுக்கப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

சாலைப் பக்கம் தெரியும் அடித்தகட்டுக்குத் தார் மாதிரியான அண்டர்கோட்டிங் பூசுவார்கள். சுத்தமான, பிரைமர் ஏறிய தகட்டில் அது கவசம். துருவின் மேல் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டிய கதைதான்.

பட்டியும் பெயிண்டும்

பட்டியைத் திட்டி ஆரம்பித்தேன், ஆனால் அது இல்லாமல் வேலை முடியாது. குற்றம் பட்டியுடையது கிடையாது, அதை ஓட்டைக்கு மூடியாகப் போட்டதில்தான். தகட்டுக்கு முதலில் எபாக்சி பிரைமர், அது காய்ந்ததும் 80-ம் நம்பர் தாளால் கீறி, அதன் மேல் பட்டி. காய்ந்து தேய்த்த பிறகு 3 மி.மீ.க்கு மேல் கனம் இருக்கக் கூடாது. அதைவிட அதிகம் வேண்டியிருந்தால் தகட்டைத் தட்டிச் சரிசெய்யவில்லை என்று அர்த்தம். எலுமிச்சை அளவு பட்டிக்குப் பட்டாணி அளவு ஹார்டனர், எடையில் சுமார் 2 சதவீதம். சித்திரையில் அதையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், ஒரு கைக்கு மேல் கலக்காதீர்கள்.

பட்டி தண்ணீரை உறிஞ்சும். அதனால் தண்ணீர் போட்டுத் தேய்க்கும் பழக்கத்தைப் பட்டியில் விட்டுவிடுங்கள். உலர்வாக 80, 120, 180 என்று போங்கள், தாளை நேரான மரக்கட்டையில் சுற்றி. கண்ணைவிட உள்ளங்கை கூர்மையானது. மெல்லிய துணியைக் கைக்கும் தகட்டுக்கும் நடுவில் வைத்துத் தடவினால் மேடு பள்ளம் துல்லியமாகத் தெரியும். பிறகு சர்ஃபேசர் (பெயிண்டுக்கு முந்தைய மட்டப் பூச்சு), அதன் மேல் லேசாகக் கறுப்பு ஸ்பிரே தூவி, 400-ம் நம்பர் வாட்டர் பேப்பர். கறுப்பு மிச்சமிருக்கும் இடம் பள்ளம்.

இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பி.யூ. பெயிண்ட் அழகாக நிற்கும். ஆனால் அதன் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலை நிரந்தரமாகப் பாதிக்கக்கூடியது. தனிக் காற்றுக் குழாய் வைத்த முகமூடி இல்லாமல் வீட்டில் அடிக்காதீர்கள். நான் சர்ஃபேசர் வரை வாசலில் முடித்துவிட்டு, கடைசிப் பெயிண்டுக்குப் பூத் (பெயிண்ட் அடிக்கும் தனி அறை) இருக்கும் இடத்துக்கு அனுப்பினேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக, அந்தச் சின்ன ஓட்டைகள்

கதவின் அடி விளிம்பிலும் சில்லின் அடியிலும் தண்ணீர் வடிய கம்பெனிக்காரன் சின்ன ஓட்டைகள் வைத்திருப்பான். ஒட்டுப் போடும்போது அதே அளவில், அதே இடத்தில் மறுபடி போட வேண்டும். முதல் கதவில் நான் அதை மறந்தேன். அழகாக வெல்டிங் வைத்து, சீலர் பூசி, எல்லாவற்றையும் அடைத்துவிட்டேன். ஒரு மழைக்குப் பிறகு கதவைச் சாத்தினால் உள்ளே குடத்தில் தண்ணீர் தளும்புகிற மாதிரிச் சத்தம். 6 மி.மீ. டிரில் பிட்டை எடுத்து அடியில் ஓட்டை போட்டேன், காலில் அரை வாளி கொட்டியது. ஓட்டையின் விளிம்பில் பிரஷ்ஷால் எபாக்சி தொட்டு வைத்து, காய்ந்ததும் வேக்ஸ் விட்டேன்.

வேலை முடிந்த வருடம் ஐப்பசியில் முதல் பெருமழை ஓய்ந்ததும் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ஈர்க்குச்சியை வடியும் ஓட்டைகளில் விட்டு அடைப்பை எடுங்கள். கண்ணாடிக்குக் கீழுள்ள பள்ளத்தில் புளிய இலை சேர்ந்திருந்தால் அள்ளிப் போடுங்கள்.